காயாத சுவரில் சாய்ந்தவன்

1

இந்தக் கதை ஒரு முதுகிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து, பாதிச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு எழுந்த ஒரு பெல்ஜியக்காரனின் முதுகு.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று ஓர் ஊர், மேலே கழுகுகள் வட்டமிட, கீழே காப்புக்காடு பச்சைப்பசேலென்று

அந்த வரியை அடித்துவிட்டேன். கழுகுகள் எப்போதும் வட்டமிடுகின்றன, அவற்றுக்கு வேறு வேலையில்லை.

2

சுவர் ஒன்று, வீடு இரண்டு. இடப்பக்கம் காசில்தா, வலப்பக்கம் அவள் தங்கை பெனில்தே. அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். கொல்லையிலிருந்த எலுமிச்சை மரத்தைக் காசில்தா வெட்டியதிலிருந்து பேச்சில்லை. (மரத்தில் பூச்சி என்கிறாள் அக்கா. "பூச்சி அவ மனசுல" என்கிறாள் தங்கை. எனக்கு இருவரும் வேண்டும், ஆகவே மரத்தை விட்டுவிடுகிறேன்.) ஊர்த் திருவிழாவுக்கு முன் இருவரும் வெள்ளையடிப்பார்கள், அவரவர் பாதியை மட்டும்.

இந்த வருடம் காசில்தாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. இடுப்புவலியோடு இந்த மலைத்தெருப் படிகளில் இனி ஏற முடியாது. திருவிழா முடிந்ததும் மகன் அவளைத் தான் இருக்கும் மாலகா நகரத்துக்கே அழைத்துப்போகிறான். ஊருக்கே தெரியும், பெனில்தேவுக்கும் தெரியும். ஆனால் அக்கா தன் வாயால் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் காசில்தா சரியாகச் சாப்பிடுவதில்லை.

(என்னிடம் சொல்லியனுப்பக் கூடாதா என்பீர்கள். நான் உள்ளூர்க்காரி. யார் முதலில் இறங்கிவந்தது என்பது மறுநாளே ரொட்டிக்கடையில் பேச்சாகிவிடும்.)

3

வெள்ளையடித்த அன்று அந்தப் பெல்ஜியக்காரன் ஜோரிஸ் வந்தான். காட்டைப் பார்க்க வந்தவன். தீப்பிடிக்கும் பயத்தில் கோடைக்குப் பாதையை மூடியிருந்தார்கள். வெறுத்துப்போய்த் தெருவில் நிழல் தேடினான். ஈரச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியாது, காய்ந்தால்தான் நிறம் காட்டும். இங்கே இது பூனைக்குக்கூடத் தெரியும். அவன் சரியாக இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் சாய்ந்தான்.

"சட்டையக் கழட்டுடா, தோலு வெந்துடும்!"

இரண்டு கதவுகளிலிருந்தும் ஒரே சமயத்தில், ஒரே வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (சன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

"தம்பி, வினிகர் அவகிட்ட இருக்கும், கொண்டாரச் சொல்லு" என்றாள் காசில்தா, தங்கைக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு.

"மொதல்ல தண்ணி ஊத்தணும். இதுகூடத் தெரியாதான்னு அவளக் கேளு" என்றாள் பெனில்தே.

ஜோரிஸுக்குக் காபி கேட்கும் அளவுக்குத்தான் எங்கள் மொழி வரும். இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

"இந்த வயசுலயும் வாய் குறையலன்னு சொல்லு."

"அக்காவுக்குத் தப்பாத தங்கச்சின்னு சொல்லு!"

அவனை நடுவில் உட்காரவைத்து, முதுகைக் கழுவி, சட்டையை அலசிக் காயப்போட்டு, குளிர்ந்த தக்காளி சூப் கொடுத்தார்கள். "உப்புப் போதுமான்னு அவளக் கேளு." "பூண்டுதான் கம்மின்னு சொல்லு." அவன் எழப்பார்த்தபோதெல்லாம் இனி பஸ் இல்லை என்று இருவரும் கூசாமல் புளுகினார்கள்.

பஸ் ஹாரன் அடித்தது. காய்ந்த சட்டையை எடுக்கப் பெனில்தே உள்ளே போனாள். காசில்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் என் பாதியையும் நீயே அடின்னு சொல்லு அவகிட்ட. கீழ் மூலையில ரெண்டு தரம் அடிக்கணும், அங்கதான் ஈரம் ஏறும். சொல்லுவல்ல?"

அவன் சிரித்துத் தலையாட்டினான். சட்டையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

4

முடிவு ஒன்று: ஜோரிஸ் திரும்பி ஓடிவந்து சொல்கிறான். (எந்த மொழியில்? விடுங்கள்.)

முடிவு இரண்டு: காசில்தாவே போய்த் தங்கை கதவைத் தட்டுகிறாள். அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"நானா? அவ வந்து தட்டுனதா எழுதும்மா" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பையன் சொல்லிருப்பானா?"

முடிவு மூன்று:

5

முடியவில்லை. திருவிழா நாளையோடு முடிகிறது. சுவரின் நடுவே ஒரு முதுகளவுக்குச் சுண்ணாம்பு போன இடத்தை இருவருமே இன்னும் தொடவில்லை.

நான் போய்ச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் வெளியூர். இவ்வளவு தூரம் வந்தும்விட்டீர்கள். வலப்பக்கக் கதவு, பெனில்தே உள்ளேதான் இருக்கிறாள். காசில்தா சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சுவரில் சாயாமல் நின்று, தட்டுங்கள்.