என்னது

"உறவை வாசல்லயே விட்டுட்டு வந்து சொல்லு. பலம் என்ன, பலவீனம் என்ன, டீமுக்குள்ள ஆள் எப்படி? பிராக்டிஸ் முடியறதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்" என்றார் கோச்.

துணைக் கோச் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலோரம் போனான், திரும்பவும் வந்து உட்கார்ந்தான். தடுப்பு வரிசையின் நடுவில் பல வருஷமாக நிற்கும் 'பூட்டு'வுக்கு இன்னொரு சீசன் கொடுக்கலாமா, கூடாதா? கேள்வி அவ்வளவுதான். ஆனால் பூட்டு அவனுடைய அக்கா புருஷன். மைதானத்தில் பூட்டு, வீட்டில் மாமா. எதிரணி ரசிகர்கள் இப்போதெல்லாம் "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சுடோய்!" என்று கத்துகிறார்கள். அதற்கும் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறார்.

பலத்தைச் சொல்வது சுலபம். மாமா ஓடமாட்டார், பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே நடந்துபோய் நிற்பார். தலையால் முட்டினால் பந்து பாதி மைதானம் தாண்டும். பலவீனம் ஊருக்கே தெரியும்: திரும்பும்போது லாரி திரும்புவது மாதிரி இருக்கும். டீமுக்குள் எப்படி என்றால், தோற்ற நாளில் பஸ்ஸில் யாரும் யாரையும் குறை சொல்ல விடமாட்டார். இடது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடி, "போதும்டா, பசிக்குது, வேற பேசுங்க" என்பார்.

எப்போதும் இடது ஜன்னலோரம். அதுதான் இன்று காலையிலிருந்து அவனைக் குடைந்தது.

காலையில் மாமாவை வண்டியில் ஏற்றிக்கொள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். ஷூவை மாட்டிக்கொண்டிருந்த மாமாவின் இடப்பக்கம் நின்று, "சாவிய எடுத்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா. "என்னது?" என்றார் மாமா. "ஆமா, எதைக் கேட்டாலும் ஒரு என்னது. இந்த மனுஷன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா அந்தப் பக்கமா சுத்திப் போயில்ல சொல்ல வேண்டியிருக்கு!" அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோச் மறுபடியும் வீடியோவை ஓட்டினார். போன ஆட்டத்தில் வாங்கிய கோல். கூரைமேல் வைத்த கேமரா. படம் உண்டு, சத்தம் கிடையாது. பந்து உயரமாக வருகிறது. கீப்பர் வாயைத் திறந்தபடி ஓடிவருகிறான். அவனுக்கு வலப்புறமாக முன்னே நிற்கும் மாமா திரும்பி ஏதோ சொல்கிறார். கீப்பர் நின்றுவிடுகிறான். பந்து இருவருக்கும் நடுவே விழ, எதிரணிக்காரன் சும்மா தட்டிவிட்டுப் போகிறான். "பாரு, பாதி வழில நின்னுட்டான். கீப்பர் முழுத் தூக்கம்" என்றார் கோச்.

அந்தச் சத்தம் துணைக் கோச்சின் காதில் இருந்தது. அன்று அவன் அந்தக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "என்னது!" என்று கத்திக்கொண்டு வந்தான் கீப்பர். என் பந்து, நீங்க விடுங்க என்று அர்த்தம். பதிலுக்கு மாமாவும் "என்னது!" என்றார். இரண்டு பேரும் ஒரே பந்துக்கு உரிமை கொண்டாடுகிறார்கள் என்றுதான் அன்று நினைத்தான். கீப்பரும் அப்படி நினைத்துத்தான், பெரியவருக்கு மரியாதை கொடுத்து நின்றிருக்கிறான். மாமா உரிமை கொண்டாடவில்லை. கேட்டிருக்கிறார். காலையில் அக்காவைக் கேட்டாரே, அதே மாதிரி.

சொன்னால் மாமாவுக்கு இந்த சீசனோடு சரி. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், உயரமாக வரும் அடுத்த பந்திலும் இதேதான் நடக்கும். கோலோடு போனால் பரவாயில்லை. காது கேட்காத பக்கத்திலிருந்து ஒருத்தன் முழு வேகத்தில் வந்து தலையோடு தலை மோதினால்?

"வா, அவனையே கேட்டுருவோம்" என்று கோச் எழுந்தார்.

மைதானத்தில் மாமா குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கோச் போய் நின்றது அவருக்கு இடப்பக்கம். துணைக் கோச் சட்டென்று வலப்பக்கம் போய் நின்றுகொண்டான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் கீப்பர் கையுறையை மாட்டியபடி தலைகுனிந்து நின்றான்.

"பூட்டு, அன்னிக்கு விழுந்த கோல், தப்பு யாருது?"

மாமா நிமிர்ந்தார். "என்னது?"

கோச் முகம் மலர்ந்துவிட்டது. மாமாவின் தோளில் ஓங்கித் தட்டினார். "கேட்டியாய்யா? தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்தையில ஒத்துக்கறான். சின்னவன் தலையில கட்டாம! இந்த மனசு எவனுக்கு வரும்? இன்னொரு சீசன் குடுத்துடலாம்ல? நீ என்ன சொல்ற?"

கீப்பர் கண்கலங்க ஓடிவந்து, "அண்ணே…" என்று மாமாவைக் கட்டிக்கொண்டான். மாமா ஒன்றும் புரியாமல் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். கோச்சின் உதடுகளைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பந்து! பந்து!" என்று இடப்பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். கோச் திரும்பினார், கீப்பர் திரும்பினான். மாமா மட்டும் மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் பாய்ந்துபோய், மாமாவின் முழங்காலை நோக்கி வந்த பந்தைக் காலால் அமுக்கினான்.

"என்னய்யா, வாயத் திறந்து பதில் சொல்லு" என்றார் கோச்.

ஈரப் பந்து அவன் காலுக்கடியில் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது.