ஜட்ஜம்மா எழுதிய நாலு வரி

"என் தங்கச்சிங்கிறதுக்காகப் பொய் எழுதுன்னு நான் சொல்லலை..."

"அதைத்தான் சுத்தி வளைச்சுச் சொல்றீங்க..."

"முழுசாத்தான் கேளேன்..."

"முழுசாக் கேட்டுட்டுதாங்க எழுதினேன். மூணு நாள். பதினொரு பாட்டும். இல்லாத கிதாரை இருக்குன்னு எழுத என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையில் இரண்டு டம்ளர் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஏறி நின்றதை இறக்குவதில் கெட்டிக்காரர். மனைவியின் குரலை மட்டும் கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு மாடிகூட அவரால் இறக்க முடிந்ததில்லை.

சண்டை 'ஈரக்குடை'யைப் பற்றியது. நாலு பேர் கொண்ட பாட்டுக் குழு. அதில் கிதார் வாசிப்பவள் அவருடைய தங்கை. இவளோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் குழுவுக்கு ரசிகை. கச்சேரி தவறாமல் போய் நின்றதில்தான், தங்கைக்காக ஸ்பீக்கர் பெட்டி சுமந்துகொண்டிருந்த இவர் கண்ணில் பட்டாள். புது ஆல்பம் வந்தால் ரசிகர்களெல்லாம் முதலில் இவள் என்ன எழுதுகிறாள் என்றுதான் பார்ப்பார்கள். சொந்தம் பந்தம் பார்க்கமாட்டாள் என்று ஜட்ஜம்மா என்றே பெயர். அந்தப் பெயரில் அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

'நாளைக்கு லீவு' என்ற புது ஆல்பம் திங்கட்கிழமை வந்தது. வியாழக்கிழமை இணையத்தில் நாலு வரி எழுதிப் போட்டாள். பாட்டுகள் அழகு, குரல் அழகு, ஆனால் நம் கிதார் எங்கே? வாசித்தவள் ஊரில் இல்லையா, தூங்கிவிட்டாளா? அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் ஊர்ப்பட்ட பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். "தூங்குமூஞ்சி கிதார்" என்று படம் வேறு போட்டார்கள். சனிக்கிழமை நாத்தனார், தான் விலகிக்கொள்வதாகக் குழுவில் சொல்லிவிட்டாள். இன்று நாலு மணிக்கு வேறொருவன் வந்து வாசித்துக் காட்டப் போகிறான். அந்தச் செய்தி வந்துதான் இந்தச் சண்டை.

"நீயே கேளு" என்று அவர் அலமாரிக்கு இருபுறமும் இருந்த ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக்குச் சண்டை கேட்க வேண்டாமே என்று ஜன்னலைச் சாத்தப் போனவள், இடது பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் அப்படியே நின்றாள். கிதார் கொட்டியது. வலது பக்கம் போய் நின்றாள். இல்லை. திரும்ப இடது பக்கம் வந்தாள். கோபத்தில் நடக்கிறாள் என்று நினைத்து அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

அவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். குறடும் ஊசிமுனையும் கழுவி, கொதிகலத்தில் வைத்து எடுத்து, பையில் போட்டுத் தேதி எழுத வேண்டும். நாள் முழுக்க அந்தச் சின்ன அறையில்தான். இயர்போனில் பாட்டு வலது காதில் மட்டும். இடது காது டாக்டர் கூப்பிட அடிக்கிற மணிக்கு. பழகிப் பழகி அது பழக்கம் என்பதே மறந்துவிட்டது. பஸ்ஸில்கூட ஒற்றைக் காதுதான். இத்தனை ஆல்பத்தையும் அப்படியே கேட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறாள். எந்தப் பாட்டும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த முறைதான் கிதாரை முழுக்க இடது பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள்.

கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பதினொன்றையும் கேட்டாள். பத்து பாட்டில் அந்தப் பெண்ணின் கை பொன்னாக இருந்தது. ஒன்பதாவது பாட்டில் மட்டும் கிதார் போன வழியிலேயே சலிக்கச் சலிக்கச் சுற்றி வந்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

குழுவின் பயிற்சி அறை டயர் கடைக்கு மேலே. நாத்தனார் தனியாக உட்கார்ந்து தன் ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இருந்தாலும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அது இவளுக்கு இன்னும் சுட்டது.

இவள், மறுபடி கேட்டதாகவும், கேட்கக் கேட்கப் பிடித்துப்போனதாகவும் சொன்னாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம். காது விஷயம் வெளியே வராது.

"அண்ணன் அனுப்பிச்சானா?" என்று நாத்தனார் சிரித்தாள். "பரவாயில்லை அண்ணி. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். நானும் அப்புறம் கேட்டேன். எனக்கே என் கிதார் கேட்கலை."

அந்த வார்த்தைக்குப் பிறகு ஒளிக்க முடியவில்லை. மணியை, ஒற்றைக் காதை, ஸ்பீக்கரை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லும்போதே அது முதலில் சொன்னதைவிடப் பெரிய புளுகாக அவள் காதுக்கே ஒலித்தது. இதை எல்லோருக்கும் தெரிய எழுதிப் போடுகிறேன், ஜட்ஜம்மா பட்டம் போனால் போகட்டும், நீ மட்டும் விலகாதே என்றாள்.

நாத்தனார் சுருட்டிய ஒயரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இடது பக்கம் வைக்கச் சொன்னதே நான்தான் அண்ணி. கச்சேரியில நீங்க எப்பவும் அந்தப் பக்கம் எனக்கு நேரா நிப்பீங்க. வீட்ல கேட்டாலும் அப்படியே இருக்கட்டும்னு நினைச்சேன்."

இவள் தலை குனிந்துகொண்டாள். கீழே யாரோ ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம். பிறகு படியில் காலடி. கிதார்ப் பெட்டி சுவரில் இடிபட்டுக்கொண்டே ஏறி வந்தது.

நாத்தனார் வாசலைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தாள்.

"நீங்க சொன்னதை முதல்ல நம்பலை, இப்ப பாதி நம்பறேன். மீதியையும் நம்பிட்டா அவனைத் திருப்பி அனுப்பிடுவேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் தனியா உட்கார்ந்து மெட்டுப் போட்டது ஒரே ஒரு பாட்டுதான். அந்த ஒன்பதாவது எப்படி இருக்கு, அண்ணி?"