முன் சக்கரம்

எப்சிபா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததும் ஈஸ்வரமூர்த்தி ஓர் அடி முன்னால் வந்தார். வாங்க வருகிறவர்கள் மணியை அடித்துப் பார்ப்பார்கள், டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். இந்தப் பெண் சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தாள். பிரேக் கட்டையை நகத்தால் சுரண்டினாள்.

இடுக்கி எஸ்டேட்காரி. மாம்பழ சீசனுக்கு முதலமடையில் மாம்பழம் பெட்டி போடும் செட்டில் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்திருந்தாள். வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஊரான எருத்தேன்பதி வரை பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"மூவாயிரத்து ஐநூறு சொல்றீங்க, அண்ணாச்சி. பின்டயரு வெடிச்சிருக்கு, அதுக்கு ஐநூறு. சங்கிலி தேஞ்சு போச்சு, முன்னூத்தம்பது. பிரேக் கட்டைக்கு நூத்தம்பது. சீட்டும் மணியும் மாத்தணும், முன்னூறு. ரெண்டாயிரத்து இருநூறு வருது. இதுக்குக் கீழ கேட்டா உங்களுக்கு அநியாயம், மேல குடுத்தா எனக்கு அநியாயம்."

அவள் கை முன் சக்கரத்துக்குப் போனது. அதைச் சுழல விட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்தில் அவள் கட்டைவிரல் ஊன்றியிருந்தது. புதுக் கறுப்புப் பெயின்ட் அங்கேதான் அடித்திருந்தது.

மகன் சிவப்பிரகாஷ் போன வருடம் வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதியபோது அந்தக் கழுத்து பாதிக்கு விண்டு போயிருந்தது. பற்ற வைத்த வெல்டிங்காரர் அன்றைக்கே சொன்னார்: "மெதுவா ஓட்டுனா ஓடுமுங்க. எறக்கத்துல முன் பிரேக்கப் புடிச்சா நான் பொறுப்பில்லீங்க." அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தது ஈஸ்வரமூர்த்தியின் சொந்த வேலை. தடவினாலும் தெரியாது.

"சரி அம்மிணி, எடுத்துக்கோங்க," என்றார்.

போனில் பணத்தை அனுப்பிவிட்டு, செட்டுக்குத் திரும்பும் காலி வண்டியில் சைக்கிளை ஏற்றும்போதுதான் அவள் சொன்னாள். "எனக்கில்ல அண்ணாச்சி. தங்கச்சி ஜிஸ்மிக்கு. ஜூன்ல ப்ளஸ் ஒன் போறா. எங்க எஸ்டேட் லயத்து வீட்டுலருந்து பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டர். ஒரே எறக்கம், மிதிக்கவே வேண்டாம்."

வண்டி கிளம்பித் தென்னந்தோப்பு வளைவில் மறையும் வரை அவர் வாசலிலேயே நின்றார். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்.

சோறு போடும்போது மனைவி பிரதீபா கேட்டாள். "வெல்டிங் வெச்சதச் சொன்னீங்களா?"

"அந்தப் பொண்ணு கேக்கலையே."

பிரதீபா கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றும் மறுநாளும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதையும் பேசவில்லை.

பால் சொசைட்டியில் பத்து வருடம் டைரக்டராக இருந்தவர் அவர். தண்ணீர் கலந்த பாலைப் பத்துப் பேர் முன்னால் கீழே ஊற்றச் சொன்ன மனிதர். அந்த வாயால் எப்படிச் சொல்வது? மலைப்பாதையை அவர் பார்த்ததில்லை. ஆனால் கண்ணை மூடினால் தேயிலைக்கு நடுவே ஒரு வளைவு வந்தது. வளைவின் அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை எப்சிபாவுக்குப் போன் செய்தார். "ஊருக்குக் கெளம்பிட்டிருக்கோம். பத்து மணிக்கு ஜீப்பு," என்றாள். அவர் காரணத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

முதலமடை செட்டு வாசலில் ஜீப்பின் மேல் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான் டிரைவர் பினு. மூட்டைகளோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அத்தனை பேர் முகத்தையும் பார்த்ததும் ஈஸ்வரமூர்த்திக்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது மறந்துபோனது.

"சைக்கிளத் திருப்பிக் குடுத்துருங்க அம்மிணி. பையன் கேக்கறான். மூவாயிரம் தர்றனுங்க."

எப்சிபா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு நாளுல எண்ணூறு ரூவா ஏறிருச்சா? வேற ஆளு கெடச்சிருக்கு உங்களுக்கு."

"அப்படியில்லீங்க. அந்த ஃபோர்க்கு ஒடஞ்சது. வெல்டிங் வெச்சிருக்குது. ஆகாதுங்க, ஆளக் கொன்னுரும்."

பினு மேலிருந்தே குனிந்து ஃபோர்க்கின் கழுத்தைத் தடவினான். "இங்க ஒண்ணையும் காணோம் அக்கா. மொதல்ல மகன் கேக்கான்னாரு, இப்ப ஒடஞ்சதுங்காரு. ஏறுங்க, நேரமாச்சு."

பெண்களில் யாரோ சிரித்தார்கள். எப்சிபா படியில் கால் வைத்தாள்.

மூவாயிரம் என்று ஆரம்பித்திருக்கக் கூடாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்ப ஆளில்லை. இந்த ஜீப் போய்விட்டால் ஜூன் மாதம் ஒரு காலையில் போன் வரும். அல்லது வரவே வராது. எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜீப்பின் பின்னால் தொற்றி ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். பினு தடுத்துப் பார்த்தான், அவரது முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். சைக்கிளை இறக்கி, லாரிகள் ஏறும் சிமென்ட் சரிவின் உச்சிக்கு உருட்டிக்கொண்டு போனார். ஐம்பத்தாறு வயது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணாச்சி, என்ன பண்றீங்க?" என்றாள் எப்சிபா.

ஏறி உட்கார்ந்து காலை எடுத்தார். பாதிச் சரிவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சக்கரம் ஃபோர்க்கோடு கழன்று தனியாக ஓடியது. அவர் முகம் சிமென்டில் மோதியது.

எப்சிபா அவரிடம் வரவில்லை. முதலில் சக்கரத்திடம் போய் உட்கார்ந்து முறிந்த இடத்தைப் பார்த்தாள். பாதி துருவேறிப் பழுப்பாக இருந்தது. மீதி பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அதில் விரலை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

பினுதான் அவரைத் தூக்கி உட்கார வைத்தான். வாய் நிறைய ரத்தம். ஒரு பல் கையில் வந்தது. இடது தோளை அசைக்க முடியவில்லை. வலது கையால் போனை எடுத்துத் தடவித்தடவி மூவாயிரம் அனுப்பினார்.

எப்சிபா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் பாத்துப் பாத்து வெல போட்டேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க," என்றாள். "அவளுக்குப் பதினாறு வயசு."

தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எண்ணூறு ரூபாய் திரும்பி வந்திருந்தது.

ஜீப் கிளம்பிப் போனது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு செட்டு மேஸ்திரி ரோட்டுக்கு ஓடினார். ஈஸ்வரமூர்த்தி சரிவின் அடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பிரதீபாவைக் கூப்பிட வேண்டும். அவள் எடுப்பாளா என்று தெரியவில்லை.