கோமார் மடித்த தாள்

பெல்ஜியத்தில் எங்கள் நெய்லென் ஊர் வைரப் பட்டறையில், கல்லை எங்கே பிளப்பது என்று கோடு போடுகிறவர் மேஸ்திரி, அந்தக் கோட்டில் அடிக்கிறவர் இன்னொருவர். கல் தூளானால் பழி மட்டும் அடித்தவன் தலையில் விடியும். இது எந்த ஊர் நியாயமோ, இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம், அடிக்கிற வேலையில் இருந்த கோமாரிடம் பெரிய கல் ஒன்று வந்தது. ஈஸ்டர் கழிந்து அவனுக்கும் எனக்கும் கல்யாணம். கல் பாழானால் அவனுக்கு வேலை போகும். வேலை போனவனுக்கு என் அப்பா பெண் கொடுக்க மாட்டார்.

உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கல்லில் சின்ன ஜன்னல் தேய்த்தவள் நான். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் சுற்றியுள்ள நாலு அணுக்களை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆனாலும் அந்தப் பிணைப்புகள் குறைவாகக் குறுக்கிடும் தளங்கள் உண்டு. அங்கே தட்டினால்தான் ஒழுங்காகப் பிளக்கும். தேய்க்கிற சக்கரத்தில் வைத்தால் கல்லே வழி சொல்லிவிடும். ஒரு திசையில் தேயும், இன்னொரு திசையில் அலறும். மேஸ்திரி போட்ட மைக்கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"கோமார், கோடு தப்புடா."

"மேஸ்திரி முப்பது வருஷமா கோடு போடறாரு. நீ திருத்தறியா?"

"அவரு கண்ணால பாத்தாரு. நான் தேய்ச்சுப் பாத்தேன். தூளாச்சுன்னா, அத அள்ளிட்டு வந்து எங்கப்பாகிட்ட பொண்ணு கேளு, போ!"

 கல் பொதிந்து வந்த தாளில் அவன் பென்சிலால் ஏதோ எழுதி, மடித்து என் கையில் திணித்தான். "அடிச்சப்புறம் பிரி."

மைக்கோட்டை எச்சில் தொட்டு அழித்தான். நான் காட்டிய இடத்தில் பள்ளம் கீறினான். மொட்டைக் கத்தியை வைத்து ஒரே தட்டு.

இரண்டே துண்டு. கண்ணாடி போல வழவழவென்று இருந்தது.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "நான் போட்ட கோடு என்னிக்குடா தப்பியிருக்கு?" என்றார். சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

தாளைப் பிரித்தேன். 'உடைஞ்சா தப்பு என்னோடது. உன் பேர சொல்ல மாட்டேன்.'

என் புருஷன் கோமார் கண்மூடி ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கல் யார் விரலிலோ ஒரு கீறல்கூட விழாமல் இருக்கும். வைரமும் பென்சில் கரியும் ஒரே கார்பன்தான். ஆனால் கரியில் ஒவ்வோர் அணுவும் மூன்றோடு மட்டும் சேர்ந்து ஏடு ஏடாகக் கிடக்கிறது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் பிடிப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் எழுத வருகிறது, அதனால்தான் அழிந்தும் போகிறது. தாளைப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். போன வாரம் 'உன் பேர' மட்டும்தான் தெரிந்தது.

இனிப் பிரிப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். இன்று காலை மறுபடியும் பிரித்தேன்.