ஏழாம் பாத்தியின் உப்பு

2025 ஜூலை 12, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழைக்கான மூட்டம் அல்ல. மேல்காற்று நடைபாதைப் புழுதியைப் பாத்திகளின்மேல் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது.

தஞ்சாவூரின் தென்பகுதியிலுள்ள பொதுப்பூங்கா ஒன்றின் கிழக்கு மூலையில், ஏறத்தாழ ஓர் ஏக்கரில், பல குடும்பங்கள் கூடி இயற்கை முறையில் காய்கறி விளைவித்துவந்தன. உறுப்பினராக விரும்புவோர் முதலில் பன்னிரண்டு சனிக்கிழமைகள் தொடர்ந்து வேலைக்கு வர வேண்டும். ஒன்று தவறினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். முடித்தவருக்கென ஒரு பாத்தியும், வாரம் ஒரு கூடை விளைச்சலும் உண்டு. நாற்பது இடங்களில் ஒன்று காலியாக இருந்தது.

மலர்கொடிக்கு அது ஒன்பதாவது சனிக்கிழமை. நாகப்பட்டினக் கடற்கரையில் பிறந்தவள். பத்தொன்பது ஆண்டுகளாகத் தஞ்சை மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவள். குடியிருப்பது இரண்டாம் மாடியில். விற்கும் எதையும் அவள் விளைவித்ததில்லை. கடல் கொடுத்ததை வெட்டிக் கொடுத்ததோடு சரி. தன் கையால் ஒன்றை முளைக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தாள். விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில் ‘விருப்பம்’ என்று மட்டும் எழுதினாள்.

அன்று ஏழாம் பாத்தியைச் சுற்றி மூவர் நின்றிருந்தார்கள். சிறுகீரை முழுவதும் ஓரம் தீய்ந்து தொய்ந்து கிடந்தது.

“களைக்கொல்லிதான்,” என்றார் பஞ்சநதம். பண்ணைக் குழுவின் தலைவர்; ஓய்வுபெற்ற பொறியாளர். “வேலியோரம் அடிச்சது காத்துல வந்திருக்கு. ஏம்ப்பா இராஜாங்கம், நீதானே அடிச்ச?”

பூங்காவின் ஒப்பந்தத் தோட்டக்காரர் இராஜாங்கம் கையிலிருந்த அரிவாளைத் தூக்கிக் காட்டினார். “இதுதான் சார் எங்கிட்ட இருக்கிற ஒரே மருந்து.”

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் கான்ட்ராக்டருக்கு எழுதாம விடமாட்டேன்.”

மலர்கொடி குனிந்தாள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். கருவாட்டுத் தொட்டியின் நீரைப் பதம் பார்த்துப் பழகிய நாக்கு அது. உடனே தெரிந்துவிட்டது.

பாத்திகளுக்கு ஊற்ற மீன் அமிலம் தயாரிக்கும் பொறுப்பைக் குழு அவளிடம்தான் கொடுத்திருந்தது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை. இருபத்தொரு நாள் மூடிவைத்து, பிறகு நீர் கலக்க வேண்டும். இரண்டு மாலைகளில் சேர்ந்த கழிவு. முதல் மாலைக் கழிவு மறுநாள்வரை நாறாமலிருக்க, அவள் கை யோசனையின்றி உப்பை அள்ளிப் போட்டிருந்தது. மீன் மிஞ்சினால் உப்பு: அந்தக் கைக்குத் தெரிந்தது அவ்வளவே. சென்ற சனிக்கிழமை, பீப்பாயிலிருந்தது முழுவதையும் நீர் கலந்து இந்த ஒரே பாத்தியில் ஊற்றியிருந்தாள்.

அனுமதியில்லாத பொருளை மண்ணில் இட்டவரின் விண்ணப்பம் ரத்தாகும். நான்காம் விதி. வாயிற்பலகையில் அதை அவள் படித்திருந்தாள். உப்பைப் பற்றி வேறு எவருக்கும் தெரியாது. அவள் பேசாமலிருந்தாலே போதும். புகார்க் கடிதம் இராஜாங்கத்தின்மேல் போகும்.

“அண்ணன் மேல எழுதாதீங்க சார். இது உப்பு. நான் போட்டது.”

செயலாளர் மெஹராஜ் பேகம் நிமிர்ந்தார். பூங்காவுக்கு எதிரில் மளிகைக்கடை நடத்துபவர். “பாத்தியில கருவாடா போட்ட, மலரு?”

“அமிலத்துல கை போட்டுடுச்சுக்கா. நாலு கை. ஒரு கிலோ இருக்கும்.”

“நாலு கைக்கு ஒரு கிலோவா? கையா அது, முறமா?”

“இப்பப் பறிச்சா கடையலுக்கு உப்பே வேணாம்,” என்றார் இராஜாங்கம். அவர் குரல் இலேசாகிவிட்டிருந்தது.

பஞ்சநதம் சிரிக்கவில்லை. “நாலாம் விதி இருக்கேம்மா. சரி, எழுத்தெல்லாம் எதுக்கு? நீங்க பாட்டுக்கு வந்துட்டுப் போங்க. கீரை கேட்டா இல்லேன்னா சொல்லப்போறோம்?”

“கேட்டு வாங்குற கீரை கடையிலயே கிடைக்கும் சார். ரத்துன்னா ரத்துன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாயால சொன்னது சாயங்காலத்துக்குள்ள மாறிடும். மார்க்கெட்ல நான் பார்க்காததா?”

“குழு கூடணும்.”

“கூடுங்க. அதுவரைக்கும் பாத்தியை நான் கழுவுறேன்.”

சுனாமிக்குப் பிறகு கடல்நீர் ஏறிய வயல்களை ஊரில் எப்படி மீட்டார்கள் என்பதை அவள் அறிவாள். தீய்ந்த கீரையைப் பிடுங்கினாள். நாற்புறமும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு அணைத்தாள். வடியும் நீர் எட்டாம் பாத்திக்குள் போய்விடாதபடி, வேலியோர வடிகால்வரை இருபத்தாறு அடிக்கு வாய்க்கால் வெட்டினாள். நீர் நிரப்பி, ஊறவிட்டு, வடித்தாள். மறுபடி நிரப்பினாள். சனிக்கிழமைகளில் மட்டுமன்றி, கடையை மூடிய பிறகு செவ்வாயும் வியாழனும் வந்தாள். ஒவ்வொரு வடிப்புக்குப் பின்னும் ஒரு சிட்டிகை மண் நாக்குக்குப் போயிற்று.

நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். “என்னம்மா, பூங்காவுல சம்பா நடவா?”

“இல்லங்க. உப்பு அறுவடை.”

ஜூலை 26 அன்று நாக்கில் உப்பு தெரியவில்லை. முப்பது கீரை விதைகளை எண்ணி இட்டாள். ஆகஸ்டு 2, பன்னிரண்டாவது சனிக்கிழமை, பதினெட்டு முளைத்திருந்தன. நல்ல மண்ணில் இருபத்தைந்தேனும் வந்திருக்கும் என்றார் பஞ்சநதம். அவள் மறுக்கவில்லை.

அதற்குள் குழு இருமுறை கூடி, இருமுறையும் ஒத்திவைத்திருந்தது. அன்று மூன்றாவது கூட்டம், பீர்க்கம்பந்தலின் கீழ்.

“பாத்தி தேறிடுச்சு. இத்தோட விட்டுடலாமே,” என்றார் பஞ்சநதம். “சேர்த்துக்கவும் முடியல, போங்கன்னு சொல்லவும் மனசு வரல. விதியைத் தளர்த்தினா நாளைக்கு ஆளுக்கொண்ணைக் கொண்டாந்து கொட்டுவாங்க.”

“தளர்த்தச் சொல்லல சார். ரத்து பண்ணுங்க. ரத்தானவ மறுபடி விண்ணப்பிக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?” என்று கேட்டாள் மலர்கொடி.

பஞ்சநதம் எழுந்து வாயிற்பலகைவரை நடந்தார். ஒன்பது விதிகளையும் படித்துவிட்டுத் திரும்பினார். இல்லை.

“அப்ப இன்னிக்குப் புது விண்ணப்பம் எழுதிக் குடுங்க. பன்னிரண்டு சனிக்கிழமை, ஒண்ணுலேருந்து,” என்றார் மலர்கொடியிடம்.

“அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டா சார்,” என்றார் மெஹராஜ் பேகம். “உப்பைச் சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே கடையில வந்து குடுத்தா. தேதி போட்டு வாங்கி வச்சிருக்கேன்.”

“அதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?”

“நீங்க முதல் விண்ணப்பத்தை முடிச்சாத்தானே ரெண்டாவதை நீட்ட முடியும்?”

பஞ்சநதம் பேனாவை வாங்கினார். தீர்மானத்தைத் தம் கையாலேயே எழுதினார். இரண்டு பத்திகளுக்கு இருபது நிமிடமாயிற்று. மே மாத விண்ணப்பம் நான்காம் விதியின்படி ரத்து செய்யப்படுகிறது. ஜூலை 12 தேதியிட்ட விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. அன்று தொடங்கி நான்கு சனிக்கிழமைகள் நிறைவுற்றன, எட்டு எஞ்சியுள்ளன. செப்டம்பர் 27 வரை காலியிடம் வேறு எவருக்கும் வழங்கப்படாது.

ஒருமுறை வாசித்தார். ‘எவருக்கும்’ என்பதன் கீழ்க் கோடிட்டார். கையெழுத்திட்டுத் தேதி எழுதி, மை உலரும்வரை தாளைக் காற்றில் பிடித்திருந்தார்.

மலர்கொடி மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் கொடுத்தார்.