ஓடெல்லுக்கு ஒரு தட்டு

விடியுமுன்பே ஆலைக்குள் கோழிகள் வந்துவிட்டன, கொக்கிச் சங்கிலியில் தலைகீழாக. குளிரில் ராஸ்கோவின் விரல்கள் மரத்திருந்தன. அறுபடுவது கோழியா விரலா என்பது இரத்தத்தின் சூட்டில்தான் தெரியும். மிசிசிப்பியின் சூரியன் இன்னும் போர்வைக்குள் இருந்தது. அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது போலும்.

"ஓடெல், இந்தக் கோழியப் பாருடா, நம்ம மேனேஜர் மாதிரியே. கழுத்தே இல்ல," என்றான், பக்கத்தில் ஆளில்லாத இடத்தைப் பார்த்து.

எதிரே நின்ற வெர்னெல் அக்கா சிரித்தாள். "செத்தவன நிம்மதியா இருக்க விடுடா."

மேனேஜர் புரூயிட் சங்கிலியின் வேகத்தைக் கூட்டிய மறுநாள் ஓடெல்லின் கையுறை கொக்கியில் மாட்டியது. முதலில் கை போனது. பிறகு ஓடெல்லும் போனான், குளிர்தொட்டியின் உருளைக்குள். எலும்பு நொறுங்கியது எந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தரையைக் கழுவும்போதே சங்கிலி மறுபடி ஓடியது. எல்லாரும் அறுத்தார்கள். ராஸ்கோவும்தான்.

அன்றிலிருந்து சாப்பாட்டறையில் ஓடெல்லுக்கும் ஒரு தட்டு வைக்கிறான்: சோள ரொட்டி, கீரை. இறந்தவனுக்குத் தட்டு வைப்பதும், தட்டோடு பேசுவதும் அவர்களைப் போன்ற கறுப்பர் வீடுகளில் புதிதல்ல. கை நடுங்குவதுதான் புதிது. அழுகை வரவில்லை, அது வரவேண்டிய இடத்திலெல்லாம் ஜோக் வந்து நின்றது. அது அவன் பிறவி வியாதி.

தேவாலயத்தின் கீழறையில் டெல்ஃபீன் அம்மா மனநல ஆலோசனை சொல்கிறார். படித்தவர், இதே ஊர், இதே கறுப்பு நிறம். கம்பெனி தொழிலாளிகளை அவரிடம் அனுப்பாது. நடுங்கும் கையைக் கண்டதும் அன்று மதியம் புரூயிட் ராஸ்கோவை ஒரு கணினித் திரையின் முன் உட்கார வைத்தான். திரையில் கம்பெனியின் ஆலோசகன், தூரத்து ஊர் வெள்ளைக்கார இளைஞன்.

"இறந்தவர் உங்ககிட்ட பேசறாரா?"

"பேசாம? உயிரோட இருந்தப்பவே வாய மூடமாட்டான்."

"என்ன சொல்றார்?"

"மேனேஜர் கழுத்த அறுங்கறான். மொதல்ல கழுத்தக் கண்டுபிடிக்கணும்ல, அதான் யோசிக்கறேன்."

வெர்னெல்லாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். திரை சிரிக்கவில்லை. போலீஸைக் கூப்பிட்டது.

அவன் மறுபடி சங்கிலிக்கு வந்து கத்தியை எடுத்தபோது பூட்ஸ்கள் ஓடிவந்தன.

"கத்தியக் கீழ போடு!"

கோழி ஆலை. ஆளுக்கொரு கத்தி. எல்லாருமே திரும்பினார்கள். ராஸ்கோ மட்டும் போட்டான். போட்ட பிறகும் தடி இறங்கியது. முதல் அடியில் பல், அடுத்ததில் மணிக்கட்டு. முதுகில் ஒரு முழங்கால் ஏறியது. கொழுப்பும் இரத்தமும் வழுக்கும் தரையில் கன்னம் அழுந்தியது.

அங்கிருந்து பார்த்தால் உலகமே ரப்பர் பூட்ஸ். ஒட்டுப்போட்ட ஒரு ஜோடி நகர்ந்தது, வெர்னெல்லுடையது. சிவப்புப் பொத்தானில் உள்ளங்கை அறைந்தது. சங்கிலி முனகி நின்றது.

"யாரு நிறுத்தினது?" புரூயிட் கத்தினான்.

"நான்தான். ஓடெல் செத்தன்னிக்கே நிறுத்தியிருக்கணும்."

"ஒரு பைத்தியத்துக்காகவா? என்னை வெட்டுவேன்னு சொல்லியிருக்கான்!"

"அது ஜோக்குன்னு இங்க தொங்கற கோழிக்கே தெரியும். உங்க திரைக்குத் தெரியல. எங்க பேச்சு புரியற ஆள் வேணும். டெல்ஃபீன் அம்மா வேணும். வேலை நேரத்துல, கம்பெனி செலவுல."

"வெளிய தள்ளிடுவேன். உங்க இடத்துக்கு வாசல்ல ஆள் நிக்குது."

"தள்ளுங்க. இந்தச் சங்கிலியில நின்னா அவங்களுக்கும் தூக்கம் வராது."

கத்திகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. யாரோ ஓடெல்லின் அடக்கத்தில் பாடிய மெட்டை முனகத் தொடங்கினார்கள். வாய் திறக்காத பாட்டு வரிசை நெடுகப் பரவியது. துப்பாக்கிமேல் கை வைத்த போலீஸ்காரனுக்கு யாரைக் குறிபார்ப்பதென்று தெரியவில்லை.

ராஸ்கோவை விலங்கோடு தூக்கி நிறுத்தினார்கள். வெர்னெல் நெருங்கினாள்.

"டேய், ஓடெல் என்னடா சொல்றான்?"

ஜோக் ஒன்று வந்தது. பல் விழுந்த ஓட்டையில் வழுக்கிப் போனது.

"ஒண்ணும் சொல்லலக்கா," என்றான். "அழறான்."

அழுதது ராஸ்கோ.

வண்டியின் கதவு சாத்தப்பட்டது. பின்கண்ணாடி வழியே பார்த்தான். இரத்தம் தோய்ந்த ஏப்ரன்களோடு மொத்த வரிசையும் காவல் நிலையப் பாதையில் நடந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் வெர்னெல், கையில் ஓடெல்லின் தட்டோடு.