கொழுந்தன் வாங்கிய கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கே லைசன்ஸ் பறிபோனால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? டீச்சரம்மாவின் வயிற்றெரிச்சல் அதுதான். ஓட்டுநர் பள்ளியில் எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளை நடுரோட்டில் தைரியமாக ஓட வைத்தவள். சிவப்பு விளக்கை ஒருநாளும் தாண்டாதவள். ஆனாலும் அவள் பேருக்கு அபராதச் சீட்டு வந்துகொண்டே இருந்தது. எல்லாம் கொழுந்தன் செய்த புண்ணியம்.

அவளுடைய பழைய காரைப் போன வருஷம் அவன்தான் விலைக்கு வாங்கினான். பதிவை அவன் பேருக்கு மாற்றுகிற தாளில் அவள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவனும் போட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மகராசன் அதை மேசை டிராயரில் போட்டு மூடினான். கேட்டால், நாளைக்கு அண்ணி, நாளைக்கு அண்ணி. ஏன் மாற்றப் போகிறான்? பறப்பது இவன், சீட்டு போவது அவளுக்கு. நீதான் ஓட்டினாய் என்று எழுதிக் கொடு என்றால், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று கூசாமல் சொல்வான். அவள் புருஷனோ, என் தம்பிதானே, விடு என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

போக்குவரத்து அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதிவில் யார் பேரோ அவர்தான் பொறுப்பு. ஓட்டியவன் ஒத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த சீட்டோடு லைசன்ஸ் ரத்து. லைசன்ஸ் போனால் வேலையும் போச்சு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவன் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போய், தன்னிடமே தங்கிவிட்ட மாற்றுச் சாவியைப் போட்டுக் காரைக் கிளப்பினாள். முறையாக சிக்னல் காட்டி, வேகம் மீறாமல் ஓட்டிவந்து, பள்ளி முற்றத்தில் நிறுத்தினாள்.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

"அம்மா, உங்க கார் திருடு போயிடுச்சுன்னு ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு. நீங்க புகார் குடுக்கலையா?"

ஒன்றும் தெரியாதவள் மாதிரி, இதோ வருகிறேன் என்று சொல்லி, அதே காரிலேயே கிளம்பினாள்.

அவளைப் பார்த்ததும் கொழுந்தனுக்கு உயிர் வந்தது. வண்டி தன்னுடையதுதான் என்று அண்ணியே சொல்லட்டும் என்றான். இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பதிவில் இருந்தது அவள் பேர்.

"என் பேர்ல இருக்கிற வண்டிய நான்தான் சார் எடுத்தேன்," என்றாள் அவள்.

கொழுந்தன் வாயைப் பிளந்தான். பிறகு அந்த வாயை மூடவே இல்லை. பெட்ரோல் போடுவது நான், கழுவுவது நான், தினம் வேலைக்கு ஓட்டிப் போவது நான், வாட்ச்மேனைக் கேளுங்கள் என்று அடுக்கினான். இன்ஸ்பெக்டர் அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

அவன் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, அவள் சீட்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினாள்.

"ஒரு வருஷமா வேற யாருமே ஓட்டலையா தம்பி?"

"சத்தியமா நான் மட்டும்தான் அண்ணி."

சொன்ன பிறகுதான் அவன் கண் சீட்டுகளில் விழுந்தது.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "வண்டி உங்களுதா, அவங்களுதா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுதுன்னா இதெல்லாமும் உங்களுதுதான்."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி மின்விசிறியைப் பார்த்தாள்.

"என்னுதுதான்," என்று முனகினான்.

டிராயரில் தூங்கிய தாள் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டான், ஒவ்வொரு சீட்டுக்கும் நானே ஓட்டினேன் என்று எழுதியும் கையெழுத்துப் போட்டான். பாவம் என்று தோன்றும் என நினைத்திருந்தாள், துளியும் தோன்றவில்லை. மனசு குளிர்ந்துபோயிருந்தது.

எல்லாம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். அத்தனை சீட்டும் இப்போது அவன் கணக்கு ஆயிற்றே, லைசன்ஸைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே கொழுந்தன் தன் காருக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அண்ணி, வீட்டுல கொண்டுபோய் விடுறீங்களா?"

"வண்டிக்குச் சொந்தக்காரரே சொன்னப்புறம் மாட்டேன்னா சொல்லுவேன்? ஏறு. பெல்ட்டைப் போடு."

வழியெல்லாம் சைக்கிள்காரர்கள்கூட அவர்களை முந்திக்கொண்டு போனார்கள்.